கொக்கும் நாரையும்: ஏரிக்கரையில் நின்று பிரித்தறிய

(ஜனவரி மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளும் ஆசிரியர்கள், மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நீங்கள் குழுக்குழுவாக ஏரிகளுக்கும் கண்மாய்களுக்கும் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கையில் குறிப்பேடு இருக்கும். சிலரிடம் பைனாகுலர் இருக்கும். தண்ணீரின் ஓரத்தில் நெடிய காலும் நெடிய கழுத்துமாக நிற்கும் பறவைகளை எண்ணத் தொடங்குவீர்கள். எண்ணுவதில் பெரிய சிரமம் இல்லை. எண்ணியதை எந்தப் பெயருக்கு நேரே எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம் வரும். அந்தத் தடுமாற்றங்களில் முதலாவதாக வருவதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். கொக்கு எது, நாரை எது?

வேடந்தாங்கலின் நீர்க்கடம்பு மரம் ஒன்றைப் பாருங்கள். கீழ்க்கிளையில் சின்ன வெள்ளைக்கொக்கு கூடு கட்டியிருக்கும். மேல்கிளையில் நத்தைகுத்தி நாரை இருக்கும். இரண்டும் ஒரே மரத்தில் குடியிருக்கின்றன, ஒரே ஏரியில் இறங்குகின்றன, முட்டளவுத் தண்ணீரில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. உயரம், நிறம், நிற்கும் இடம் என்று நாம் முதலில் கவனிக்கும் எதுவும் இவற்றைப் பிரித்துக் காட்டாது. எப்படிச் சாப்பிடுகின்றன என்பது காட்டும். கொக்கு கண்ணால் வேட்டையாடுகிறது. நம் ஏரிகளில் மிகுதியாக இருக்கும் நாரைகள் அலகின் தொடு உணர்வால் வேட்டையாடுகின்றன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கழுத்து, அலகு, நிற்கும் முறை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும். அந்த ஏரிக்கு என்ன தேவை என்பதும் அதிலிருந்தே தெரியவரும். நான் சொல்ல வந்த செய்தி இதுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு.

முதலில் வானத்தைப் பார்ப்போம். அங்கேதான் வேலை எளிது. கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கி, தலையைத் தோள்களுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொள்ளும். கீழிருந்து பார்த்தால் நெஞ்சுக்கு முன்னே ஒரு புடைப்புத் தெரியும். நாரை கழுத்தை நேராக முன்னே நீட்டிப் பறக்கும். முன்னே கழுத்தும் பின்னே காலுமாக அதன் உடல் ஒரே கோட்டில் இருக்கும். உண்ணிக்கொக்கு, வெள்ளைக்கொக்குகள், மடையான், வக்கா எல்லாம் கழுத்தை மடக்குபவை. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, வெண்கழுத்து நாரை, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் செங்கால் நாரை எல்லாம் கழுத்தை நீட்டுபவை.

கொக்கு கழுத்தை மடக்குவதற்கு அதன் எலும்பிலேயே காரணம் இருக்கிறது. கொக்கின் கழுத்தில் 20 முள்ளெலும்புகளுக்குக் குறையாமல் உண்டு. அவற்றில் ஆறாவது எலும்பு மட்டும் மற்றவற்றைவிட நீண்டது. கழுத்து அந்த இடத்தில்தான் கூர்மையாக வளைகிறது. நிற்கும் கொக்கின் கழுத்தில் ஒரு முறிவு போலத் தெரிவது இந்த இடம்தான். வளைத்து வைத்த கழுத்தைக் கொக்கு ஒரே வீச்சில் நேராக்கும்போது தலை அம்பாகப் பாயும். மீன் விலகுவதற்குள் அலகு போய்ச் சேர்ந்துவிடும். பறக்கும்போது நாம் காணும் மடிந்த கழுத்து, தண்ணீரில் மீனைக் குத்துவதற்கென்று அமைந்த கழுத்து. நாரைக்கு அப்படிப் பாய்ந்து குத்தும் தேவை குறைவு. அதனால் அதன் கழுத்தில் அந்த முறிவு இல்லை.

இந்த அடையாளத்தைப் பயன்படுத்தும்போது இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் வையுங்கள். கழுத்தை மடக்கிப் பறப்பதை நம் ஏரிகளில் கண்டால் கொக்குக் குடும்பம் என்று பெரும்பாலும் துணிந்து எழுதலாம். ஆனால் கழுத்தை நீட்டிப் பறப்பதெல்லாம் நாரை ஆகிவிடாது. அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பூநாரை, நீர்க்காகம் எல்லாமே கழுத்தை நீட்டித்தான் பறக்கின்றன. ஆகவே நீட்டிய கழுத்தைக் கண்டதும் அலகையும் பாருங்கள். அலகு கீழ்நோக்கி அரிவாள்போல் வளைந்திருந்தால் அரிவாள் மூக்கன். நுனி தட்டையாக விரிந்திருந்தால் கரண்டிவாயன்.

இரண்டாவது எச்சரிக்கை பெருநாரைகளைப் பற்றியது. இலங்கையின் ஈரநிலங்களில் வாழும் பெருநாரையும், அசாமில் மக்கள் ஹர்கிலா என்று அழைக்கும் மிகப் பெரிய நாரையும் பறக்கும்போது கழுத்தை உள்ளிழுத்துக்கொள்கின்றன. நாரைக் குடும்பத்தில் இவை விதிவிலக்கு. நம் மாவட்டங்களில் இவற்றைக் காண்பது அரிது. ஆனாலும் விதிக்கு விலக்கு உண்டு என்று தெரிந்து வைத்திருப்பது கணக்கெடுப்பவருக்கு நல்லது.

இனி தண்ணீருக்குள் இறங்குவோம். சொல்ல நிறைய இருப்பது இங்கேதான்.

ஒரு பெரிய வெள்ளைக்கொக்கைக் கால் மணி நேரம் பொறுமையாகக் கவனியுங்கள். அது அசையாமல் நிற்கும். நடந்தாலும் ஒரு காலை எடுத்து, நிதானித்து, ஓசை எழாமல் வைக்கும். தலை சற்றே சாய்ந்து கண் தண்ணீரைத் துழாவும். பிறகு ஒரே பாய்ச்சல். கொக்கின் கண்கள் அலகுக்குக் கீழே இருப்பதை இரண்டு கண்களாலும் ஒருசேரப் பார்க்கும்படி அமைந்தவை. அதனால் தூரத்தை அளந்து குத்த முடிகிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் பொருள் அது உண்மையில் இருக்கும் இடத்தில் நமக்குத் தெரிவதில்லை. ஒளி விலகுவதால் சற்று மேலே தெரிகிறது. கொக்கு அந்த வேறுபாட்டைக் கணித்து, மீன் தெரியும் இடத்தை விட்டுவிட்டு மீன் இருக்கும் இடத்தில் குத்துகிறது. கரையோரக் கொக்குகளை வைத்து ஆராய்ந்தவர்கள் இதை உறுதிசெய்திருக்கிறார்கள்.

கண்ணை நம்பிக் குத்தும் பறவைக்கு வேண்டியது ஈட்டி. ஆகவே கொக்கின் அலகு நேராக, மெல்லியதாக, கூராக இருக்கிறது. சாம்பல் நாரையின் அலகைப் பாருங்கள். அதுவும் அப்படித்தான் இருக்கும். பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். சாம்பல் நாரை, செந்நாரை என்று நம் நூல்கள் குறிப்பிடும் இரண்டும் கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் கழுத்தை மடக்கித்தான் பறக்கின்றன. கணக்கெடுப்புப் படிவத்தில் அவற்றின் பெயரை அப்படியே எழுதுங்கள். மனத்துக்குள் மட்டும் கொக்கின் பக்கத்தில் வையுங்கள்.

இப்போது அதே தண்ணீரில் மேயும் மஞ்சள் மூக்கு நாரையைப் பாருங்கள். அது நடந்துகொண்டே இருக்கும். அலகைச் சற்றே திறந்து, பாதிக்கு மேல் தண்ணீரில் அமிழ்த்தி, இடமும் வலமுமாக வீசிக்கொண்டே போகும். காலால் சேற்றைக் கிளறும். சில நேரம் ஒரு சிறகைச் சட்டென்று விரித்து மூடும். கலங்கி ஓடும் மீன் திறந்திருக்கும் அலகில் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். அந்த மீனை நாரை பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க மர நாரையை வைத்து ஃபிலிப் கால் என்ற அறிஞர் தம் உடன் ஆய்வாளரோடு சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு செய்தார். மீன் தொட்ட கணத்திலிருந்து அலகு மூடுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் 40இல் ஒரு பங்கு, அதாவது 0.025 நொடி என்று அளந்து சொன்னார்கள். நாம் கண் இமைப்பதற்கு ஆகும் நேரம் அதைவிடப் பல மடங்கு. முதுகெலும்புள்ள விலங்குகளிடம் அறியப்பட்ட மிக வேகமான அனிச்சைச் செயல்களில் இதுவும் ஒன்று. தொடு உணர்வை நம்பி வாழும் பறவைக்குக் கலங்கல் நீர் ஒரு தடையே இல்லை. கொக்கு தடுமாறும் சேற்றுக் குட்டையில் மஞ்சள் மூக்கு நாரை நிம்மதியாக மேயும்.

தொடு உணர்வுக்கு ஏற்ற அலகு வேறு வடிவம் கொண்டது. மஞ்சள் மூக்கு நாரையின் அலகு அடியில் தடித்து, நீண்டு, நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. முகத்தில் இறகு இல்லை. ஆரஞ்சு நிறத் தோல்தான் தெரியும். நெஞ்சின் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடும். வால் பக்கத்துச் சிறகுகளில் இளஞ்சிவப்புத் தீட்டியிருக்கும். இளம் பறவைகளில் இந்த வண்ணங்கள் எதுவும் தெளிவாக இருக்காது. மங்கிய பழுப்பாக நிற்கும். அப்போது வண்ணத்தைத் தேடாமல் அலகின் தடிப்பையும் வளைவையும் தேடுங்கள்.

நத்தைகுத்தி நாரையின் அலகு இன்னும் வியப்பானது. வளர்ந்த பறவையின் மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேர்கின்றன. நடுவில் சேராமல் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சு பொரிக்கும்போது அந்த இடைவெளி இருப்பதில்லை. வளர வளரத்தான் உண்டாகிறது. இந்தப் பறவையின் முதன்மையான உணவு நம் வயல்களிலும் ஏரிகளிலும் காணும் பெரிய நீர் நத்தை. சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி நத்தையைக் கண்டுபிடிக்கும். ஓட்டை உடைத்து நொறுக்குவதில்லை. கீழ் அலகின் கூரிய நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, சதையை முழுதாக உருவி எடுத்துவிடும். நத்தைகுத்தி மேய்ந்த வரப்பில் முழு ஓடுகள் சிதறிக் கிடப்பதை உழவர்கள் பார்த்திருப்பார்கள். அப்படிக் கிடக்கும் ஓடுகளே அந்தப் பறவை அங்கே வந்துபோனதற்கு நல்ல சான்று.

உயரத்தை நம்ப வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் இதுதான்: நத்தைகுத்தி நாரை சுமார் 68 சென்டிமீட்டர்தான். பெரிய வெள்ளைக்கொக்கு அதைவிடப் பெரியது. மஞ்சள் மூக்கு நாரையும் சாம்பல் நாரையும் ஏறத்தாழ ஒரே அளவு, இரண்டும் ஒரு மீட்டரை நெருங்குபவை. நிறமும் அப்படியே. தூரத்தில் நிற்கும் நத்தைகுத்தி வெள்ளைக்கொக்காகத் தெரியும். ஆனால் அதன் சிறகின் ஓரமும் வாலும் கறுப்பு. வெள்ளைக்கொக்கின் உடலில் கறுத்த இறகு ஒன்றுகூட இருக்காது. நம் ஏரியில் வெண்ணிறப் பறவை ஒன்று சிறகை விரிக்கும்போது பின்னோரம் முழுவதும் கறுப்பாகத் தெரிந்தால், அது வெள்ளைக்கொக்கு அல்ல என்று உடனே முடிவு செய்யலாம்.

எல்லா நாரைகளும் தொடு உணர்வால்தான் உண்கின்றன என்று நான் சொல்லவில்லை. செங்கால் நாரை வயல்களில் நடந்து வெட்டுக்கிளிகளையும் தவளைகளையும் கண்ணால் பார்த்தே பிடிக்கிறது. கொக்குகளிலும் சின்ன வெள்ளைக்கொக்கு தன் மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கிளறும் பழக்கம் உடையது. கிளறுவதைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். கிளறிய பிறகு அந்தப் பறவை தண்ணீரை உற்றுப் பார்க்கிறதா, அலகை நீரில் வைத்தபடியே காத்திருக்கிறதா என்று பாருங்கள். உற்றுப் பார்த்தால் கொக்கு.

மூன்றாவதாக, பறக்கும் முறை. கொக்கு நிதானமாகச் சிறகடித்துக்கொண்டே போகும். நாரையின் சிறகு அகன்றது. வெயில் ஏறி நிலம் சூடாகிக் காற்று மேலெழத் தொடங்கியதும், நாரைகள் அந்தக் காற்றில் ஏறி வட்டமிட்டுச் சிறகடிக்காமலே உயரத்துக்குப் போய்விடும். கணக்கெடுப்புக்கு இது மிக முக்கியம். முற்பகல் நேரத்துக்கு முன்பே நாரைகளை எண்ணி முடித்துவிடுங்கள். பிறகு அவை வானத்தில் புள்ளிகளாகிவிடும். எண்ணிக்கை குறைந்துபோகும். மாறாக, மடையான்கள் எந்நேரமும் இருக்கும். ஆனால் அவை கரையின் பழுப்போடு பழுப்பாக அமர்ந்திருப்பதால், நீங்கள் பக்கத்தில் போய் அவை வெள்ளைச் சிறகை விரித்துப் பறக்கும்வரை கண்ணில் படாது. கரை நெடுக நடந்தால்தான் மடையான் கணக்குச் சரியாக வரும். வக்கா பகலில் மரத்துக்குள் உறங்கும். அதற்கு மாலை மங்கும் நேரமே ஏற்றது.

வெயிலைப் பற்றிப் பேசும்போது இன்னொரு அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். கடும் வெயிலில் நாரையின் கால்கள் வெள்ளை பூசியதுபோல் காணப்படும். நாரைகள் தம் எச்சத்தைத் தம் கால்களின் மீதே கழிப்பதால் உண்டாகும் பூச்சு அது. அந்த ஈரம் ஆவியாகும்போது காலில் ஓடும் இரத்தம் குளிர்கிறது. உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள இயற்கை கொடுத்த வழி இது. கொக்குகளிடம் இந்தப் பழக்கம் இல்லை. கோடையில் சாயம் வெளுத்த கால்களோடு ஒரு பெரிய பறவை நின்றால் அதை நாரை என்று சந்தேகிக்கலாம்.

நான்காவது அடையாளம் காதுக்கு உரியது. கொக்குகள் கரகரத்த குரலில் கத்தும். விரட்டினால் கத்திக்கொண்டே எழும்பும். நாரைகளுக்குக் குரல் எழுப்பும் உறுப்பில் தசைகள் வளர்ச்சி அடையவில்லை. ஆகவே வளர்ந்த நாரை ஏறத்தாழ ஊமை. அது அலகைப் படபடவென்று தட்டி ஒலி எழுப்பும். கூட்டில் இணையைச் சந்திக்கும்போதும் எதிரியை மிரட்டும்போதும் இந்தத் தட்டல் கேட்கும். குஞ்சுகள் மட்டும் உணவு கேட்டுச் சத்தமிடும். ஒரு பெரிய கூட்டுக் குடியிருப்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூட, எந்தக் கிளையில் நாரை, எந்தக் கிளையில் கொக்கு என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கூட்டிலும் வேறுபாடுகள் உண்டு. பெரும்பாலான கொக்குகளின் முட்டை வெளிர் நீலப் பச்சை நிறம் கொண்டது. நாரை முட்டை வெள்ளை. கொக்குக் குஞ்சு தாய்ப் பறவையின் அலகைக் குறுக்காகக் கவ்வி இழுத்து உணவைப் பெறும். நாரை தான் கொண்டுவந்த மீனைக் கூட்டின் தரையில் கக்கிவிடும். குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். வெயில் நேரத்தில் மஞ்சள் மூக்கு நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதைக் கூந்தன்குளத்தில் தெரு ஓரத்து மரங்களிலேயே காணலாம். இவற்றையெல்லாம் தூரத்திலிருந்து பைனாகுலர் வழியாகப் பாருங்கள். முட்டையின் நிறத்தைச் சோதிக்க எவரும் கூட்டை நெருங்க வேண்டாம். நாம் நெருங்கினால் தாய்ப் பறவை கூட்டை விட்டு எழும். அந்தச் சில நிமிடங்களில் காகமோ பருந்தோ கூட்டைச் சூறையாடிவிடும்.

கொக்கின் உடலில் மட்டும் இருக்கும் இரண்டு அமைப்புகளைச் சொல்ல வேண்டும். கொக்கின் மார்பிலும் தொடையருகிலும் உதிராமல் தொடர்ந்து வளரும் ஒருவகை மென்தூவி உண்டு. அதன் நுனி பொடிந்துகொண்டே இருக்கும். அந்தப் பொடியைக் கொக்கு தன் இறகுகளில் பூசும். விலாங்கு போன்ற மீன்களைத் தின்னும்போது ஒட்டும் வழுவழுப்பைப் பொடி உறிஞ்சிக்கொள்ளும். பிறகு நடுவிரல் நகத்தால் வாரி எடுத்துவிடும். அந்த நகத்தின் உள்ளோரம் சீப்புப் பற்கள்போல் வெட்டுப்பட்டிருக்கும். இந்தப் பொடித்தூவி நாரைகளிடம் இல்லை.

மற்றொன்று இனப்பெருக்கக் காலத்தில் வெள்ளைக்கொக்குகளின் முதுகில் முளைக்கும் மெல்லிய அலங்கார இறகுகள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் தொப்பிகளுக்காக இந்த இறகுகளைப் பெரும் விலைக்கு வாங்கினார்கள். இறகு முளைப்பது கூடு கட்டும் காலத்தில் என்பதால், தாய்க் கொக்கு சுடப்பட்டுக் குஞ்சுகள் கூட்டில் பட்டினியால் இறந்தன. இந்தக் கொடுமையை எதிர்த்து இங்கிலாந்தில் பெண்கள் 1889இல் தொடங்கிய சங்கம்தான் இன்று அந்நாட்டின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பாக வளர்ந்திருக்கிறது. உலகில் பறவைப் பாதுகாப்பு ஒரு மக்கள் இயக்கமானதில் வெள்ளைக்கொக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவு வேறுபாடு இருந்தும், நெடுங்காலம் அறிவியலும் கொக்கையும் நாரையையும் ஒரே வரிசையில்தான் வைத்திருந்தது. மரபணு ஆய்வுகள் அதை மாற்றிவிட்டன. 2008இல் வெளியான பறவைகளின் விரிவான மரபணு ஆய்வும் அதற்குப் பின் வந்தவையும், கொக்குகளுக்கு நெருங்கிய உறவு கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும்தான் என்று காட்டின. நாரைகள் இன்று தனி வரிசை. உலகில் 20 இனங்கள் அளவில்தான் நாரைகள் உண்டு. அவற்றில் எட்டை இந்தியாவில் காணலாம். கொக்குக் குடும்பத்தில் உலகெங்கும் 60க்கும் மேற்பட்ட இனங்கள். நீண்ட காலும் நீண்ட கழுத்தும் ஆழமில்லாத தண்ணீரில் வாழ்வதற்கு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தவை. வேடந்தாங்கல் மரத்தில் வெள்ளைக்கொக்குக்கு நெருங்கிய சொந்தம், பக்கத்துக் கிளை நாரையைவிட உச்சிக்கிளையில் உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாதான்.

இதுவரை சொன்னதை ஏரிக்கரையில் எந்த வரிசையில் பயன்படுத்துவது? பறந்துகொண்டிருந்தால் முதலில் கழுத்து. கழுத்து நீண்டிருந்தால் அடுத்து அலகு. நின்றுகொண்டிருந்தால் முதலில் அலகின் தடிப்பு, அடுத்து சிறகில் கறுப்பு உண்டா என்பது. மேய்ந்துகொண்டிருந்தால் அது பார்க்கிறதா, தடவுகிறதா என்பது. குறைந்தது இரண்டு அடையாளங்கள் ஒத்துப்போன பிறகே பெயரை எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் ‘அடையாளம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு பெயர், எழுதாமல் விட்ட பத்துப் பெயர்களைவிடக் கணக்கைக் கெடுத்துவிடும்.

இந்தப் பிரிப்பு எதற்கு, எல்லாம் பறவைதானே என்று ஊரில் யாராவது உங்களைக் கேட்கக்கூடும். அவர்களுக்குப் பொறுமையாக இதைச் சொல்லுங்கள். இருந்து பார்த்துக் குத்தும் கொக்குக்குத் தெளிந்த தண்ணீரின் ஓரம் போதும். வயல், வாய்க்கால், குட்டை என்று எங்கும் பிழைத்துக்கொள்ளும். உண்ணிக்கொக்குக்குத் தண்ணீர்கூட வேண்டாம், மேயும் மாட்டுக்கும் ஓடும் டிராக்டருக்கும் பின்னால் போய்ப் பூச்சி பிடித்துக்கொள்ளும். தடவிப் பிடிக்கும் நாரைக்கு அது போதாது. அலகில் மீன் அடிக்கடி படவேண்டுமானால் மீன் நெருக்கமாக இருக்க வேண்டும். மழையில் நிறைந்த ஏரி மெல்ல மெல்ல வற்றும்போது மீன்கள் ஆழம் குறைந்த நீரில் ஒடுங்கும். அந்த நெருக்கத்தை நம்பித்தான் மஞ்சள் மூக்கு நாரை தன் குஞ்சுகளை வளர்க்கிறது. ஏரி ஒருபோதும் நிறையாவிட்டாலும் அதற்குத் துன்பம். மீன் பிடிக்க மோட்டார் வைத்து ஒரே வாரத்தில் வற்றடித்தாலும் துன்பம். நத்தைகுத்திக்கு நத்தை வேண்டும். நத்தையைக் கொல்லும் நஞ்சை வயலில் கொட்டினால் அது பட்டினி கிடக்கும். இரண்டுக்கும் கூடு கட்ட, தண்ணீரில் கால் வைத்து நிற்கும் நீர்க்கடம்பும் நாட்டுக் கருவேலமும் வேண்டும்.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். ஒரு கண்மாயில் ஐந்து ஆண்டுகளாக ‘கொக்கு, நாரை’ என்று இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாரை பாதியாகக் குறைந்து உண்ணிக்கொக்கு பெருகினால் கூட்டுத்தொகை அப்படியே இருக்கும். கண்மாய் நலமாக இருப்பதாகவே நாம் நம்புவோம். தனித்தனியே எண்ணியிருந்தால், நீர் மேலாண்மையிலோ நத்தையிலோ மரத்திலோ எங்கே குறை என்று அந்த எண்ணிக்கையே சுட்டிக்காட்டியிருக்கும்.

நம் ஊர் மக்கள் இந்தப் பறவைகளைக் காப்பதில் உலகுக்கே முன்னோடிகள். வேடந்தாங்கல் மக்கள், தங்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டவர்களைப் பற்றி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பாதுகாப்புக்கான எழுத்து உறுதியைப் பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் பயிருக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களில் நாரைகள் கூடு கட்ட மக்கள் இடம் தருகிறார்கள். வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பெருமையின் பெரும்பகுதி அந்த ஊர் மக்களுக்கு உரியது.

அவர்கள் காத்துக் கொடுத்ததைச் சரியாக எண்ணிப் பதிவு செய்வது நம் கடமை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கரையில் இருங்கள். கழுத்தையும் அலகையும் பார்த்து, கொக்கைக் கொக்கின் நிரலிலும் நாரையை நாரையின் நிரலிலும் எழுதுங்கள். எழுதிய பட்டியலின் ஒரு படியை அந்த ஊர் ஊராட்சித் தலைவரிடமும் பாசன விவசாயிகளிடமும் கொடுங்கள். அவர்கள் ஏரியில் எத்தனை நாரைக் கூடுகள் இருக்கின்றன, அவற்றுக்கு எவ்வளவு நாள் தண்ணீர் நிற்க வேண்டும், எந்த மரங்களை வெட்டக் கூடாது என்று எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த ஜனவரியிலும் அதே ஏரிக்குப் போய் அதே முறையில் எண்ணுங்கள். இந்த வேலையை ஆண்டுதோறும் விடாமல் செய்ய வேண்டும் என்று உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.